மீன் மாநிலத்துக்கு, மீன் மேயும் தரை டெல்லிக்கு: உயர்நிலைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய - மாநில உறவுகளை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் தலைவர் நீதியரசர் குரியன் ஜோசப், உறுப்பினர்கள் அசோக் வர்தன் ஷெட்டி, மு. நாகநாதன் ஆகியோருக்கு,

ஐயா மூவருக்கும் வணக்கம்.

2025 ஏப்ரல் 15 அன்று உங்கள் குழுவைச் சட்டமன்றத்தில் அறிவித்த நாளிலிருந்து அதைச் சுற்றி நடக்கும் பேச்சுகளைக் கவனித்து வருகிறேன். ஆளுநர், நீட், வரிப் பகிர்வு, தொகுதி மறுவரையறை எல்லாம் வருகின்றன. வரவேண்டியவைதான். ஆனால் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடற்கரை உள்ள மாநிலத்தில், அந்தக் கரைக்கு அப்பால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் தரை யாருடையது என்று யாரும் கேட்டு என் காதில் விழவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல். உங்களில் ஒருவர் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர், தலைவரோ கேரளத்தவர். கடலென்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சட்டம் படித்துவிட்டுக் கடற்கரை ஊரில் தொழில் செய்பவன் என்ற முறையில், அங்கே நாளும் இடிபடும் சில முரண்களை மட்டும் சொல்கிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 297-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: ஆட்சிக்குட்பட்ட கடற்பரப்பு (கரையிலிருந்து 12 கடல் மைல் வரை), கண்டத்திட்டு (நிலத்தின் தொடர்ச்சியாகக் கடலுக்கடியில் நீளும் தரை), தனிப் பொருளாதார மண்டலம் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை) ஆகியவற்றில் கடலுக்கு அடியிலுள்ள நிலமும் கனிமமும் மதிப்புள்ள பிற பொருள்களும் ஒன்றியத்துக்கே உரியவை, ஒன்றியத்தின் நோக்கங்களுக்காகவே அவை வைத்திருக்கப்படும். மாநிலம் என்ற சொல்லே அதற்குப் பக்கத்தில் வராது. அதே அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைத் திறந்தால், மாநிலப் பட்டியலின் 21-ஆவது இனம் 'மீன்வளம்'. ஒன்றியப் பட்டியலின் 57-ஆவது இனம் ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு 'அப்பால்' நடக்கும் மீன்பிடிப்பு. ஆக, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீனும் மீன்பிடிப்பும் மாநிலத்தின் பொறுப்பு. 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தை நம் சட்டமன்றம் இயற்றியது இந்த அதிகாரத்தில்தான். விசைப்படகு எவ்வளவு தூரத்துக்குள் வரக்கூடாது, எந்த வலை ஆகாது என்பதையெல்லாம் மாநிலம் தீர்மானிக்கிறது, மீறினால் படகைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது.

ஆனால் மீன் அந்தரத்தில் வாழ்வதில்லை. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், வாழ்கிறது, சேற்றில் முட்டையிடுகிறது, புல்லில் மேய்கிறது. இந்தப் பாரிலே கலவாய் கிடைக்கும், இத்தனை பாகம் ஆழத்தில் இந்தத் தரைக்கு இந்த வலைதான் செல்லும் என்று தரையை வைத்துத்தான் மீனவர் பாட்டுக்கு, அதாவது மீன்பிடிக்க, போகிறார். அவருடைய அறிவில் மீனும் தரையும் ஒன்று. சட்டத்தில்தான் இரண்டு.

பாக் நீரிணையில் கடற்பசுக்களுக்கு, நம் கரையில் ஆவுளியா என்பார்களே அவற்றுக்கு, 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகத்தை மாநில அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது என்று பெருமைப்பட்டோம். ஆவுளியா தின்பது கடற்புல்லை. கடற்புல் வேரூன்றியிருப்பது தரையில். அந்தத் தரை 297-இன்படி ஒன்றியத்துடையது. அங்கே நாளை என்ன தோண்டலாம் என்று முடிவெடுக்கும் கடைசி அதிகாரம், பாதுகாப்பகத்தை அறிவித்த அரசிடம் இல்லை.

மணலை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடத்தில் இருக்கும் சாதாரண மணல் சிறுகனிமம். 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படி அதற்கு விதி வகுப்பது மாநிலம், காசும் மாநிலத்துக்கு. அதே மணல் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் படிந்ததும் 2002-ஆம் ஆண்டுக் கடல்பகுதிக் கனிமச் சட்டத்துக்குள் போய்விடுகிறது. ஏலம் விடுவது ஒன்றிய அரசு, உரிமைத்தொகையும் (ராயல்டி) அங்கேதான். 2023-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி ஏலத்தைக் கட்டாயமாக்கினார்கள். 2024 நவம்பரில் முதல் சுற்றாக 13 கடல் வட்டாரங்களை ஏலத்துக்கு அறிவித்தார்கள். அவற்றில் மூன்று, கொல்லத்துக்கு எதிரே கட்டுமான மணல். ஆற்றில் மாநிலத்துக்கென்று விட்ட பொருளைக் கடலில் டெல்லி விற்கிறது. கொல்லம் பரப்பு என்ற மீன்பிடிக் கடலில் கேரளப் படகுகள் மட்டுமல்ல, குமரி மாவட்டத்து ஆட்களும் தொழில் செய்கிறார்கள் என்பதால் அது நமக்கும் வீட்டுச் செய்திதான். 2025 மார்ச்சில் கேரள சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் பேசிய அபூர்வமான நாள் அது. தீர்மானத்துக்கு என்ன சட்ட மதிப்பு? ஒன்றுமில்லை.

அதே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் பிரதமருக்கு எழுதினார். மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடல் வட்டாரம் ஒன்றை எண்ணெய் - எரிவாயு ஏலத்திலிருந்து விலக்குங்கள் என்று கேட்டார். 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவை 1986-இலேயே அறிவித்த அரசு, அதன் பக்கத்துக் கடலில் என்ன நடக்கலாம் என்பதற்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான்: கடிதம் எழுதலாம். (நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் கையில் அரசாங்கம் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம்.)

பணக் கணக்கும் இப்படித்தான். நரிமணத்தில், குத்தாலத்தில் நிலத்தில் எடுக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் உரிமைத்தொகை தமிழ்நாட்டுக்கு வருகிறது. அதே காவிரிப் படுகை கடலுக்குள் நீள்கிறது. பிஒய்-1, பிஒய்-3 என்று அங்கேயும் வயல்கள் உண்டு. அங்கு எடுத்தால் உரிமைத்தொகை ஒன்றியத்துக்கு. பாறைக்கு அந்த எல்லை தெரியாது. எண்ணெய் கசிந்தால் கரை ஒதுங்கப்போவது எந்த மாநிலத்தின் கடற்கரையில் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இது எப்படி வந்தது என்பதையும் பார்க்கவேண்டும், ஏனென்றால் விடை அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1947-இல் கலிபோர்னியா வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அதுவரை ஆறு, ஏரி, துறைமுகம் ஆகியவற்றின் அடித்தரை மாநிலங்களுடையது என்பது அங்கே நூறு ஆண்டுக் கொள்கை. 1845-ஆம் ஆண்டு அலபாமா வழக்கிலேயே அதை நிலைநாட்டியிருந்தார்கள். அதே கணக்கில் கரையோரக் கடலின் தரையும் எங்களுடையதுதானே என்று மாநிலங்கள் நினைத்தன, எண்ணெய்க் குத்தகையும் கொடுத்துவந்தன. இல்லை, கடலில் மேலோங்கிய உரிமை கூட்டரசுக்கே என்றது நீதிமன்றம். 1950-இல் டெக்சாசும் லூசியானாவும் அதேபோலத் தோற்றன. நம் அரசியல் நிர்ணய சபை 1949-இல் இந்தப் பிரிவைச் சேர்த்தபோது உலகின் பெரிய கூட்டாட்சியில் நிலவிய சட்டம் இதுதான். புதிதாகப் பிறந்த நாடு, சமஸ்தானங்கள் இணைந்துகொண்டிருந்த நேரம். அன்றைய முடிவை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் அமெரிக்கா அங்கேயே நிற்கவில்லை. தீர்ப்பை மாற்ற நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார்கள். 1952-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தடுத்தார். அடுத்து வந்த ஐசனோவர் அதைத் தேர்தல் வாக்குறுதியாகவே சொல்லி வென்று, 1953 மே மாதம் நீரடி நிலச் சட்டத்தில் கையெழுத்திட்டார். கரையிலிருந்து மூன்று மைல் வரை தரையும் கனிமமும் மாநிலத்துக்கு என்றானது. டெக்சாசுக்கும் புளோரிடாவின் வளைகுடாக் கரைக்கும் பழைய எல்லைகளின் பேரில் ஒன்பது கடல் மைல். கப்பல் போக்குவரத்து, வணிகம், நாட்டுப் பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவற்றில் கூட்டரசின் அதிகாரத்தை அச்சட்டம் தொடவில்லை. எதிர்ப்பு இல்லாமலில்லை. ஓரிகன் மாநிலத்து மேலவை உறுப்பினர் வெய்ன் மோர்ஸ் அந்த மசோதாவை எதிர்த்து 22 மணி 26 நிமிடம் நின்றபடி பேசினார். இத்தனைக்கும் ஓரிகன் கடற்கரை மாநிலம். பிறகு சில மாநிலங்கள் வழக்கும் போட்டுப் பார்த்தன, 1954-இல் தள்ளுபடியானது. மூன்று மைலுக்கு அப்பாலுள்ள வருமானத்திலும் பங்கு வேண்டுமென்று கேட்டு, அடுத்த மூன்று மைல் பட்டையில் 27 விழுக்காடும், 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெக்சிகோ வளைகுடாவின் சில குத்தகைகளில் நான்கு மாநிலங்களுக்கு 37.5 விழுக்காடும் வாங்கிவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. 1973-இல் கூட்டரசு கடலையும் கடலடித் தரையையும் தனதென்று சட்டம் போட்டது. மாநிலங்கள் வழக்குத் தொடுத்து 1975-இல் தோற்றன. தோற்ற பிறகு என்ன நடந்தது தெரியுமா? உட்கார்ந்து பேசினார்கள். 1979-இல் உடன்பாடு, 1980-இல் சட்டம், மூன்று கடல் மைல் வரை தரையின் உரிமை மாநிலங்களுக்கு. கனடாவில் 1967-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கும் 1984-இல் நியூபவுண்ட்லாந்துக்கும் எதிராக உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1985 பிப்ரவரியில் நியூபவுண்ட்லாந்துடன் கூட்டரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. இருவரும் சேர்ந்து நியமிக்கும் வாரியம், எண்ணெய் நிலத்தில் கிடைத்ததுபோலவே மாகாணம் வருவாய் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. அங்கே கைக்கு வந்த கடல், மாநில எல்லைக்கும் வெகு அப்பால் நடுக்கடல்.

மூன்று நாட்டிலும் மாநிலங்கள் வழக்கில் தோற்றன, பேச்சில் வென்றன. நீதியரசர் ஐயா, உங்கள் தொழிலை எதிர்த்துப் பேசுவதாக நினைக்கவேண்டாம். 297 எழுதியிருக்கிற விதத்தில் எந்த நீதிமன்றமும் மாநிலத்துக்குச் சாதகமாகச் சொல்ல இடமில்லை. அதனால்தான் இது உங்கள் குழுவின் வேலை என்கிறேன், வழக்கறிஞர்களின் வேலை அல்ல.

நாம் என்ன செய்தோம்? அவர்கள் தளர்த்திய காலத்தில் நாம் இறுக்கினோம். 1963-இல் 15-ஆவது திருத்தம் கண்டத்திட்டைச் சேர்த்தது. 1976 மே மாதம் 40-ஆவது திருத்தம் பிரிவையே மாற்றி எழுதி, தனிப் பொருளாதார மண்டலத்தையும் உள்ளே கொண்டுவந்தது. அது நெருக்கடி நிலைக் காலம். தமிழ்நாட்டில் சனவரி 31 அன்றே ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் இலங்கையுடன் எல்லை வகுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் அந்த மார்ச்சில்தான். நம் கடலின் வடிவம் அந்த ஒரே ஆண்டில் இரண்டு முறை மாறியது, இரண்டு முறையும் பேச ஒரு தமிழ்நாட்டு அமைச்சரவை இல்லை. கச்சத்தீவைப் பற்றி எல்லோரும் போதுமான அளவு பேசிவிட்டார்கள், நான் சேர்க்கப்போவதில்லை. ஆனால் 1976 மே மாதத்தைப் பற்றி ஒரு மேடையிலாவது யாராவது பேசியிருக்கலாம்.

கடலில் மாநிலத்துக்கு இடம் தந்தால் நாட்டின் ஒருமைக்கு ஆபத்து என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது சரக்கு - சேவை வரி. 12 கடல் மைலுக்குள் நடக்கும் வணிகத்துக்கு யார் வரி வாங்குவது என்று ஜிஎஸ்டி மன்றத்தில் தகராறு வந்தது. அந்தக் கடற்பரப்பு ஒன்றியத்தின் ஆட்சிக்குட்பட்டது என்பதே டெல்லியின் நிலை. 2017 சனவரியில் முடிவுக்கு வந்தார்கள்: உரிமை எங்களுடையது, வரியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் பாருங்கள். கடலில் நிற்கும் வணிகர் எந்த மாநிலக் கரைக்கு மிக அருகில் இருக்கிறாரோ அந்த மாநிலத்தில் இருப்பதாகவே கொள்ளப்படுவார். 12 மைலுக்குள் மாநிலத்தைக் கொண்டுவந்தால் வானம் இடியாது என்று அன்றே ஒத்துக்கொண்டாயிற்று.

இரண்டாவது ஆறு. மாநிலத்துக்குச் சொந்தமான தரைமேல் ஒன்றியம் போக்குவரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது சாத்தியம் என்று 2016-ஆம் ஆண்டுத் தேசிய நீர்வழிகள் சட்டம் காட்டுகிறது. 111 நீர்வழிகளை அது அறிவித்தது. அதன் பட்டியலில் பவானி இருக்கிறது, காவிரி - கொள்ளிடம் இருக்கிறது, தாமிரபரணி இருக்கிறது. வைகையும் பாலாறும்கூட இருக்கின்றன! ராணிப்பேட்டைப் பக்கம் பாலாற்றில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளிடம் போய், தம்பி, நீங்கள் நிற்பது தேசிய நீர்வழி எண் 75, கப்பல் வரும், ஓரமாக விளையாடுங்கள் என்று யாராவது சொன்னால் நன்றாயிருக்கும். சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். அந்தச் சட்டத்திலும் கப்பல், படகுப் போக்குவரத்தின் பொருட்டு மட்டுமே நீர்வழிகள் ஒன்றியத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. ஆற்றுத்தரை மாநிலத்திடமே இருக்கிறது, தண்ணீரும் மாநிலப் பட்டியலின் 17-ஆவது இனத்திலேயே இருக்கிறது. ஆற்றில் உடைமையையும் போக்குவரத்தையும் பிரித்துவைக்கத் தெரிந்த நாட்டுக்குக் கடலில் தெரியாதா?

கடல் எல்லோருக்கும் பொது, மத்தியப் பிரதேசத்துக்கும் அதில் பங்கு இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜார்க்கண்டின் நிலக்கரிக்கு உரிமைத்தொகை ஜார்க்கண்டுக்குப் போகிறது, தமிழ்நாடு பங்கு கேட்டதில்லை. சுரங்கத்தால் பாழாவது அந்த ஊர், ஆகவே முதல் உரிமை அந்த ஊருக்கு என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறோம். 2024 சூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, கனிம உரிமைக்கு வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டென்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு தோற்ற 1989-ஆம் ஆண்டு சிமெண்ட் வழக்கின் தீர்ப்பையே அது புரட்டிப்போட்டது. அதற்குப் பிறகு நாம் கனிம நிலத்துக்கு வரிச் சட்டமும் கொண்டுவந்துவிட்டோம். அந்தத் தீர்ப்பின் பலன் அலை தொடும் இடத்தோடு நின்றுவிடுகிறது.

எனக்கே இதில் ஓர் உறுத்தல் இருக்கிறது, அதை மறைத்து இந்த மடலை எழுதினால் கடற்கரையில் ஒருவரும் என்னை மதிக்கமாட்டார்கள். தரையை மாநிலத்திடம் கொடுத்தால் மீனவர் தப்பித்துவிடுவாரா? திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளில் தாதுமணல் எப்படி அள்ளப்பட்டது என்பதை நாடே பார்த்தது. அது கடலடி அல்ல, கடற்கரை. அங்கே அதிகாரிகள் நம் மாநிலத்து அதிகாரிகள்தாம். 2013-இல் அரசு தடைபோட்டது. அந்தக் கொள்ளையின் முழுக் கணக்கையும் தேட, 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளை சிபிஐயிடம் ஒப்படைக்கவேண்டி வந்தது. மாநில சுயாட்சிக்காக வாதாடும் என்னைப் போன்றவர்களுக்கு இதைவிடக் கசப்பான செய்தி உண்டா? ஆற்று மணலைப் பற்றி நான் எழுதவே தேவையில்லை.

அதனால் டெல்லியிடமிருந்து கோட்டைக்கு என்று மட்டும் நீங்கள் பரிந்துரைத்தால் அது பாதி வேலை. ஒரு காலத்தில் இராமநாதபுரம் அரசருக்குச் சங்குப் படுகைகள் சொந்தமாயிருந்தன, குத்தகைக்கு விட்டார். படுகையில் சங்கெடுத்தது திருட்டா இல்லையா என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. உடையவர் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்: சமஸ்தானம், சர்க்கார், ஒன்றியம். மூச்சடக்கி முங்கிச் சங்கெடுப்பவர் எந்தக் காலத்திலும் உடையவர் பட்டியலில் வந்ததில்லை.

எனவே நான் கேட்பது இதுதான். 297-ஐத் திருத்தி ஆட்சிக்குட்பட்ட கடலின் அடித்தரையை, 12 மைலும் முடியாதென்றால் முதல் மூன்று மைலையாவது, கடலோர மாநிலங்களுக்கு உரியதாக்கவேண்டும் என்று பரிந்துரையுங்கள். பாதுகாப்பு, கப்பல் போக்குவரத்து, வெளியுறவு ஒன்றியத்திடமே இருக்கட்டும். அரசமைப்புத் திருத்தத்துக்கு நாளாகும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது தெரியும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையிலேயே திருத்தலாம்: கடலோர மாநிலத்தின் முன்னிசைவு இல்லாமல் எந்த வட்டாரமும் ஏலத்துக்குப் போகக்கூடாது, உரிமைத்தொகையில் மாநிலத்துக்குப் பங்கு. எண்ணெய் - எரிவாயு வட்டாரங்களுக்கும் அதே விதி. மாநிலம் இசைவு தருவதற்கு முன், அந்தக் கடலில் தொழில் செய்யும் ஊர்களின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பதை நம் சட்டமன்றமே சட்டமாக்கட்டும், அதற்கு டெல்லியைக் கேட்கவேண்டியதில்லை. ஊர் என்றால் கரையில் வசிப்பவர்களை மட்டும் சொல்லவில்லை. கொல்லத்துக் கடலுக்கு குளச்சல்காரரின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். சிக்கலான வேலைதான், ஆனால் எந்த ஊர் எந்தப் பாரில் பாட்டுக்குப் போகிறது என்பது ஊர்க்கமிட்டிகளுக்குத் தெரியும். எழுதி வாங்கினால் அதுவே வரைபடம்.

இதில் தமிழ்நாடு தனியாகப் போனால் எடுபடாது. அமெரிக்காவில் கலிபோர்னியா, டெக்சாஸ், லூசியானா சேர்ந்துதான் அழுத்தம் கொடுத்தன. இங்கே கடலோர மாநிலங்கள் ஒன்பது, அவற்றில் வெவ்வேறு கட்சிகளின் ஆட்சிகள் நடக்கின்றன. குஜராத்தின் சுண்ணாம்புச் சேற்று வட்டாரங்களும் அதே 13-இல்தான் இருந்தன. உரிமைத்தொகைப் பங்கு என்று வந்தால் காந்திநகரும் வேண்டாமென்று சொல்லாது. கேரளம் தீர்மானம் போட்டாயிற்று, அதை உங்கள் அறிக்கை கையிலெடுத்து ஒன்பது மாநிலங்களின் கோரிக்கையாக மாற்றமுடியும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தப் பொருளுக்கென்று ஒரு விசாரணை அமர்வைக் கடற்கரையில் நடத்துங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், குளச்சல் எதுவானாலும் சரி, மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்தால் ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை, மேற்குக் கரைக்கு சூன் 1 முதல் சூலை 31 வரை. சூன் முதல் இரண்டு வாரங்களில் வைத்தால் இரண்டு கரைக்காரர்களும் வரமுடியும்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர் வழக்கறிஞர் ஒருவர்